ரப்பர் கூரை: ஓரத்துல சீலண்ட் வெடிச்சிருக்கு, மேலே கோட்டிங் அடிச்சா போதுமா?

ஊர்சுற்றி:

எல்லாருக்கும் வணக்கம். 26 அடி டிராவல் டிரெய்லர் (கார் பின்னாடி இழுத்துட்டுப் போற வீட்டு வண்டி), எட்டு வருஷம் ஆன செகண்ட் ஹேண்ட். கூரை வெள்ளை ரப்பர் ஷீட். அது ஈபிடிஎம் ரகமா டிபிஓ ரகமான்னு சொல்ற பேப்பர் எதுவும் வண்டியோட வரலை. மேலே ஏறிப் பார்த்ததுல நிலைமை இதுதான்.

முன்பக்க வளைவுல ஷீட் முடியுற இடத்துல ஒரு குறுக்குப் பட்டை இருக்கு. அது மேல போட்ட சீலண்ட் நாலஞ்சு இடத்துல வெடிச்சிருக்கு. பாத்ரூம் வென்ட்டைச் சுத்தி ஒரு பக்கம் சீலண்ட் ஷீட்டை விட்டு எழும்பி நிக்குது, நகம் உள்ளே போகுது. ஏசிக்கு முன்னாடி சாப்பாட்டுத் தட்டு அளவுக்கு ஷீட் உப்பியிருக்கு. கூரையைக் கையால தேய்ச்சா வெள்ளைப் பொடி ஒட்டுது. ஸ்கைலைட்டைச் சுத்தி வழவழன்னு நிறமே இல்லாத ஒண்ணு போட்டிருக்கு, சிலிகான்னு நினைக்கிறேன். உள்ளே சீலிங்ல ஏசி பக்கத்துல ஒரு பழுப்புக் கறை.

கூரை முழுக்க கோட்டிங் அடிச்சா இது எல்லாம் அடங்கிடுமா? இல்லேன்னா பழைய சீலண்ட் அத்தனையையும் சுரண்டி எடுத்துட்டுத்தான் புதுசு போடணுமா? உப்பலைக் கீறி ஒட்டலாமா? எந்த வேலையை முதல்ல செய்யணும்னு சொன்னா உதவியா இருக்கும்.

தச்சன்:

கோட்டிங்கை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்க. அது கடைசி வேலை, பல வண்டிக்குத் தேவையே படாத வேலை.

ரப்பர் ஷீட் முன்னாடியிலிருந்து பின்னாடி வரைக்கும் ஒரே துண்டு. பருமன் ஒரு மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல. கிளை கிழிச்சாலோ ஏதாவது விழுந்து குத்தினாலோ தவிர ஷீட்டோட நடுவுல தண்ணி இறங்காது. தண்ணி இறங்குறது ரெண்டே வகை இடத்துல: ஷீட்டை வெட்டி ஏதாவது பொருத்தின இடம், ஷீட் முடியுற இடம். வென்ட், ஸ்கைலைட், கழிவுக் குழாயோட காற்றுப்போக்கி, ஆன்டெனா, ஏணிக் கால், சோலார் ஒயர் இறங்குற துளை, முன் பின் குறுக்குப் பட்டை, ரெண்டு பக்கமும் ஓடுற தண்ணி வடியுற ரெயில். உங்க பட்டியல்ல உப்பலையும் பொடியையும் தவிர எல்லாமே இந்த இடங்கள்தான். வண்டி ஓடும்போது இந்த இணைப்புகள் தினம் அசையுது. அசையுற இணைப்பு மேல பெயின்ட் மாதிரி மெல்லிசா ஒரு படலம் அடிச்சா, அதே கோட்டுல அதுவும் வெடிக்கும். அதோட கீழே பலகை ஈரமா இருந்தா, கோட்டிங் அதை மூடி மறைச்சிடும். உள்ளே மக்கிக்கிட்டு இருக்கிறது வெளியே தெரியாமலே போயிடும்.

முதல்ல ஷீட் என்ன ரகம்னு உறுதி பண்ணுங்க. பொடி வருதுன்னா பெரும்பாலும் ஈபிடிஎம்தான். வெயில்ல மேல்தோல் ஆக்சிஜனேற்றம் ஆகி உதிர்ற பொடி அது. மழை நாள்ல பக்கச் சுவர்ல வெள்ளைக் கோடா இறங்குறதும் அதேதான். அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். ஆனா அந்தப் பொடி மேல டேப்பும் ஒட்டாது, சீலண்ட்டும் ஒட்டாது. இன்னும் உறுதியா தெரியணும்னா, உள்ளேயிருந்து பாத்ரூம் வென்ட்டோட பிளாஸ்டிக் சட்டத்தைக் கழட்டுங்க. வெட்டின ஓரம் அங்கே தெரியும். மேலே வெள்ளை, அடியில கறுப்புன்னா ஈபிடிஎம். அடிப்பக்கமும் வெளிர் நிறமா இருந்தா, இல்லேன்னா துணி மாதிரி ஒரு அடுக்கு இருந்தா டிபிஓ.

அந்தச் சட்டத்தைக் கழட்டின கையோட ஈரத்தையும் பார்த்துடுங்க. இதுதான் எல்லாத்தையும் விட முக்கியம். ஊசி வச்ச ஈரமானி வாங்குங்க. ஊசி இல்லாம மேலே வச்சுப் பார்க்கிற மானியை ஈபிடிஎம் கூரை மேல வச்சு அளக்காதீங்க. அடிப்பக்கக் கறுப்புல கார்பன் இருக்கு, அது மின்சாரத்தைக் கடத்தும், காய்ஞ்ச கூரையையும் ஈரம்னு காட்டிடும். திறப்போட ஓரத்துல தெரியுற பலகையில நாலு பக்கமும் ஊசியைக் குத்துங்க. 15 சதவீதத்துக்குக் கீழே இருந்தா நிம்மதி. 15லிருந்து 20 வரைக்கும்னா கசிவு இருக்கு, மரம் இன்னும் கெடலை. 20ஐத் தாண்டினா திறந்து பார்க்கணும். பலகை ஓஎஸ்பியா (மரச் சில்லுகளை ஒட்டி அழுத்தின பலகை) இருந்தா மானி காட்டுற எண் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். அதனால நல்லா காய்ஞ்சிருக்கும்னு நம்புற ஒரு இடத்துலயும் குத்தி, அதோட ஒப்பிட்டுப் பாருங்க.

பிறகு மேலே. பின்னாடி கம்பெனி வச்ச ஏணி இருந்தா பொதுவா ஆள் ஏறலாம். இல்லேன்னா கையேட்டைப் பார்க்காம ஏறாதீங்க, பக்கத்துல ஏணி சாத்தி எட்டுற வரைக்கும் பாருங்க. ஏறினா நடக்காம, ரெண்டடிக்கு ரெண்டடி பிளைவுட் துண்டு ரெண்டை மாத்தி மாத்திப் போட்டு அது மேல முட்டி போட்டு நகருங்க. அடியில பழைய கார்பெட் ஒட்டியிருந்தா ஷீட் கீறாது. ஷூ அடியில மாட்டின ஒரு சின்னக் கல் போதும் ஓட்டை போட.

ஒரு அடிக்கு ஒரு தடவை உள்ளங்கையால அழுத்திக்கிட்டே போங்க. பலகையைத் தாங்குற சட்டங்கள் பெரும்பாலும் 16 அங்குல இடைவெளியில இருக்கும், நடுவுல லேசா அமுங்கித் திரும்புறது சகஜம். பொதபொதன்னு அமுங்கி மெதுவா எழும்பினாலோ, உள்ளே நறுக்குன்னு சத்தம் வந்தாலோ அங்கே பலகை போச்சு. ரெண்டு முன் மூலையையும் வென்ட் ஓரங்களையும் ரெண்டு தடவை பாருங்க. ஷீட்டுக்கு அடியில ஸ்க்ரூ தலை பரு மாதிரி முட்டிக்கிட்டு இருந்தா அதையும் குறிச்சுக்குங்க, அது அப்படியே விட்டா ஷீட்டைத் துளைக்கும். நாலடிக்கு ஒரு தடவை குறுக்கே மெல்லிசா ஒரு கோடு தெரியலாம். அது பலகை ஜாயின்ட். கோடு மட்டும் இருந்தா பரவாயில்லை. மேடா வீங்கியிருந்தா அங்கே தண்ணி போயிருக்கு.

மழைக்காலம்:

தச்சன் சார் சொன்னதோட, அந்த ஏசி கறையைப் பற்றி மட்டும். கறை இருக்கும் இடத்துக்கு நேர் மேலேதான் ஒழுகுகிறது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். தண்ணீர் ஷீட்டுக்கும் பலகைக்கும் இடையில் சரிவைப் பிடித்துக்கொண்டு போய், முதலில் கிடைக்கும் திறப்பில் இறங்கும். கூரையில் பெரிய திறப்புகளில் ஒன்று ஏசியுடையது, 14 அங்குலச் சதுரம். முன்பக்கப் பட்டையில் புகுந்த தண்ணீர்கூட அங்கே வந்து சொட்டலாம்.

ஏசியே காரணமாகவும் இருக்கலாம். உள்ளே இருக்கும் பிளாஸ்டிக் மூடியைக் கழற்றி டார்ச் அடித்துப் பாருங்கள். ஏசிக்கும் கூரைக்கும் நடுவில் ஒரு ஃபோம் கேஸ்கட் இருக்கும். நான்கு நீளமான போல்ட்டுகள் அதை அழுத்திப் பிடித்திருக்கும். வருடக் கணக்கில் கேஸ்கட் தளர்ந்து, போல்ட்டும் தளர்ந்துவிடும். கேஸ்கட் ஏறக்குறைய அரை அங்குலப் பருமனுக்கு அமுங்கியிருக்க வேண்டும். போல்ட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, எதிரெதிர் மூலையாக, அரைச்சுற்று அரைச்சுற்றாக முறுக்குங்கள். முறுக்குவிசை உங்கள் ஏசி கையேட்டில் இருக்கும். பல மாடல்களுக்கு 40 முதல் 50 அங்குல-பவுண்டுதான், அதாவது கையால் லேசாக முறுக்கும் அளவு. பலம் போட்டு முறுக்கினால் கேஸ்கட் சப்பையாகிப் போகும், ஏசியின் அடித்தட்டும் வளையும், அதன் பிறகு எப்படியும் ஒழுகும். அரை அங்குலத்துக்கும் கீழே ஏற்கெனவே அமுங்கி, இறுகிப் போயிருந்தால் ஏசியைத் தூக்கி கேஸ்கட்டை மாற்றுவதுதான் வழி. அதற்கு இரண்டு பேர் வேண்டும்.

ஒன்றை மட்டும் செய்யவே செய்யாதீர்கள்: ஏசியின் வெளி ஓரத்தைச் சுற்றி சீலண்ட் போட்டு அடைப்பது. ஏசி ஓடும்போது சேரும் தண்ணீர் அந்த அடிவழியாகத்தான் கூரைக்கு வடிய வேண்டும். அதை அடைத்தால் அந்தத் தண்ணீர் கேஸ்கட்டைத் தாண்டி உள்ளே வரும்.

எங்கே ஒழுகுகிறது என்று பிடிக்க ஹோஸ் போதும். ஒருவர் உள்ளே டார்ச்சுடன், ஒருவர் வெளியே. சாதாரணமாக மழை விழுகிற வேகத்தில் தண்ணீர் விட்டால் போதும். தாழ்வான ஓரத்தில் ஆரம்பித்து மேடான பக்கம் நோக்கி, ஒவ்வோர் இடத்திலும் 10, 15 நிமிடம். மேலேயிருந்து ஆரம்பித்தால் தண்ணீர் எல்லா இணைப்பையும் நனைத்துக்கொண்டு வரும், குற்றவாளி யாரென்று தெரியாது. ஏசியை ஓட்டாமல் ஒரு தடவை, காய்ந்த நாளில் ஏசியை மட்டும் ஓட்டி ஒரு தடவை பார்த்தால் இரண்டு காரணங்களும் பிரிந்துவிடும். பிரஷர் வாஷரைக் கூரைப் பக்கமே கொண்டுபோகாதீர்கள். நன்றாக இருக்கும் சீலண்ட்டின் அடியிலும் அது தண்ணீரைப் புகுத்திவிடும்.

ஊர்சுற்றி:

ரெண்டு பேருக்கும் ரொம்ப நன்றி. பார்த்தாச்சு. ஷீட் அடிப்பக்கம் கறுப்பு, அப்போ ஈபிடிஎம். ஊசி மானியில நடுக்கூரை 11, பாத்ரூம் வென்ட் ஓரம் 17, 18. ஏசி திறப்புல முன்பக்க ஓரம் 16, மத்த மூணு பக்கமும் 12. ஏசி போல்ட் நாலும் கையாலயே சுத்துது. வலது முன் மூலையில அலமாரிக்குள்ளேயிருந்து குத்தினா 24 காட்டுது. அழுத்தினா அங்கே மட்டும் கொஞ்சம் மெத்துனு இருக்கு. உப்பலுக்குக் கீழே எப்படி அளக்கிறதுன்னு தெரியலை.

தச்சன்:

அப்போ வரிசை தெளிவாயிடுச்சு. 24 காட்டுற மூலைதான் முதல் வேலை. வென்ட்டும் ஏசியும் அடுத்தது.

மூலையைத் திறக்கிற விதம்: பக்க ரெயில்ல நீளமா ஒரு வினைல் பட்டை செருகியிருக்கும், அதை நுனியில நெம்பி ரெண்டு மூணு அடிக்கு இழுங்க. அடியில ஸ்க்ரூ வரிசை தெரியும். துரு பிடிச்ச ஸ்க்ரூவும், கழட்டும்போது பிடிப்பே இல்லாம சுத்துற ஸ்க்ரூவும்தான் தண்ணி போன பாதை. முன் குறுக்குப் பட்டையிலயும் மூலையிலிருந்து ரெண்டடிக்குக் கழட்டுங்க. அடியில பழைய பியூட்டைல் டேப் (பிசின் மாதிரி ஒட்டுற ரப்பர் பட்டை) இருக்கும். நல்ல பியூட்டைல் இழுத்தா நூல் மாதிரி நீளும், செத்தது பொடியா உதிரும். ஷீட்டை மெதுவா, அகலமான பிளாஸ்டிக் கரண்டியால பலகையிலிருந்து பிரிச்சு மடக்கி வையுங்க. கூர்மையான கத்தி வேண்டாம்.

இப்போ மொட்டை ஸ்க்ரூடிரைவரால பலகையைக் குத்திப் பாருங்க. பலமா குத்தியும் ரெண்டு மில்லிமீட்டருக்கு மேல இறங்கலைன்னா மரம் பிழைச்சது. ஃபேன் வச்சு, மேலே மழை படாம மூடி, 15க்குக் கீழே வர்ற வரைக்கும் காய விடுங்க. அதுக்கு முன்னாடி மூடுறதுல அர்த்தமே இல்லை. ஸ்க்ரூடிரைவர் சும்மா இறங்குதுன்னா அந்தத் துண்டை வெட்டி எடுக்கணும். மக்கின இடத்தோட நிறுத்தாம, நல்ல மரம் வந்த பிறகும் ஒரு கையகலம் தாண்டி, சட்டத்தோட நடுவுல முடியுற மாதிரி வெட்டுங்க. அப்போதான் புதுத் துண்டோட ஓரத்துக்கு உட்கார இடம் கிடைக்கும். புதுசு அதே பருமன்ல பிளைவுட்டா இருக்கட்டும், பெரும்பாலும் எட்டுல மூணு அங்குலம், அதாவது 9.5 மில்லிமீட்டர் வரும். ஆனா அளந்து வாங்குங்க, பருமன் மாறினா ஷீட் மேல படி தெரியும். ஸ்க்ரூ தலை பலகைக்குள்ள கொஞ்சம் இறங்கியே இருக்கணும். ஷீட்டைத் திருப்பி ஒட்ட தண்ணி கலந்து செஞ்ச (வாட்டர் பேஸ்டு) கூரைப் பசைதான், பெட்ரோலியக் கரைப்பான் கலந்த பசை கூடாது. ஈபிடிஎம் எண்ணெயையும் பெட்ரோலியத்தையும் உறிஞ்சி ஊதிப்போகும்.

உப்பலுக்கு இப்போ ஒண்ணும் செய்ய வேண்டாம். கீறவும் வேண்டாம். ஓட்டை இல்லாத இடத்துல நீங்களே ஓட்டை போட்டு, அதுக்கு ஒட்டுப் போட்டுக்கிட்டு இருப்பீங்க. அது இருக்கிறது ஏசி திறப்புக்குப் பக்கத்துல. ஏசியைத் தூக்குறதா இருந்தா அந்த ஓரத்து பலகையில அளந்துக்கலாம். பசை விட்டுப்போன வெறும் காத்து உப்பல்னா அது பல வருஷம் அப்படியே இருக்கும். சுத்தி மாஸ்கிங் டேப் ஒட்டி போட்டோ எடுத்து வச்சு, மூணு மாசம் கழிச்சு ஒப்பிடுங்க. மார்க்கர் பேனாவால கோடு போடாதீங்க, மை மேலே ஊறி வரும். உப்பல் முன் ஓரத்தைத் தொட்டுக்கிட்டு இருந்தா மட்டும் உடனே கவனிக்கணும், ஓடும்போது காத்து உள்ளே புகுந்து ஷீட்டையே தூக்கிடும்.

பாதசாரி:

சீலண்ட் வேலையை நான் விளக்குறேன், இதுலதான் நிறைய பேர் வீணா உழைக்கிறாங்க.

பழைய லேப் சீலண்ட் (இணைப்பு ஓரத்து மேல போடுற சீலண்ட்) முழுக்கச் சுரண்ட வேண்டாம். விரலால அழுத்தினா அமுங்கி, ஷீட்டோட பிடிப்பா இருந்தா அது இருக்கட்டும். மேல்தோல்ல மட்டும் முடி மாதிரி கீறல் இருந்தாலும் பரவாயில்லை. எழும்பி நிக்கிறது, அடி வரைக்கும் பிளந்தது, கட்டியா உதிர்றது, இதை மட்டும் பிளாஸ்டிக் ஸ்க்ரேப்பரால எடுங்க. ஹீட் கன்னைக் குறைஞ்ச சூட்டுல காட்டினா இளகும், ஒரே இடத்துல நிறுத்தாதீங்க. புதுசு பழசு மேல நல்லா ஒட்டும், ரெண்டும் ஒரே ரகமா இருக்கிற வரைக்கும்.

சிலிகான் மட்டும் விதிவிலக்கு. அது ஈபிடிஎம் மேல சரியா ஒட்டாது, அது மேல வேற எதுவும் ஒட்டாது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய பூச்சு மிச்சம் இருந்தாலும் புது சீலண்ட் ஆறு மாசத்துல தோல் மாதிரி உரிஞ்சு வரும். ஸ்கைலைட் சுத்தி இருக்கிறதை ஒரு துளி விடாம உரிச்சு, ஸ்க்ரேப்பரால தேய்ச்சு எடுங்க. இந்த இடத்துல பாதி நாள் போனாலும் போகட்டும். எடுத்தாச்சான்னு தெரிஞ்சுக்க, கொஞ்சம் தண்ணி தெளிங்க. சுத்தமான இடத்துல தண்ணி பரவும், சிலிகான் மிச்சம் இருக்கிற இடத்துல மட்டும் முத்து முத்தா நிக்கும்.

பாத்ரூம் வென்ட் 18 காட்டுதுன்னா மேலே மட்டும் பூசினா பத்தாது. கழட்டிப் போடுங்க. ஃபிளாஞ்ச் (கூரை மேல உட்கார்ற தட்டையான விளிம்பு) அடியில பழைய பியூட்டைலை எடுத்து, ஒரு அங்குல அகலம், மூணு மில்லிமீட்டர் பருமன் உள்ள புது பியூட்டைல் டேப்பைச் சுத்தி ஒட்டுங்க. 14 அங்குலத் திறப்புக்கு ஏறக்குறைய 1.7 மீட்டர் வேணும். மூலையில ரெண்டு முனையும் ஒண்ணு மேல ஒண்ணு ஏறி உட்காரணும், இடைவெளி கூடாது. ஸ்க்ரூவை எதிரெதிரா முறுக்குங்க, பியூட்டைல் சுத்திலும் ஒரே மாதிரி பிதுங்கி வெளியே வரணும். பிதுங்காத பக்கம் அடைபடலைன்னு அர்த்தம். மறுநாள் ஒரு தடவை திரும்ப முறுக்குங்க. பியூட்டைல் மெதுவா வழிஞ்சு கொடுக்கும், ஸ்க்ரூ கால் சுத்து அரை சுத்து எடுக்கும். அதுக்கப்புறம்தான் பிதுங்கினதை வெட்டிட்டு மேல் சீலண்ட்.

மேல் சீலண்ட் ரெண்டு ரகம் இருக்கு. கூரையோட மட்டமான பரப்புக்குத் தானே பரவுற செல்ஃப் லெவலிங். முன் வளைவு, பக்க ரெயில், சரிவான எல்லா இடத்துக்கும் வழியாத நான் சாக் ரகம். செல்ஃப் லெவலிங்கை முன் வளைவுல போட்டா நீங்க இறங்கி வர்றதுக்குள்ள அது சுவர் வழியா இறங்கிடும். டைகோர் லேப் சீலண்ட் ரெண்டு ரகத்துலயும் கிடைக்குது. எது வாங்கினாலும் ஈபிடிஎம்முக்கு ஏத்ததுன்னு டியூப்ல எழுதியிருக்கணும்.

எத்தனை டியூப்? ஃபிளாஞ்ச் ஓரத்துல 25 மில்லிமீட்டர் அகலம், 5 மில்லிமீட்டர் பருமன்னு கணக்கு வையுங்க. 1.7 மீட்டருக்கு 210 மில்லி சொச்சம், 300 மில்லி டியூப்ல மூணுல ரெண்டு பங்கு. ஆக, ஒரு வென்ட்டுக்கு ஒரு டியூப்னு வாங்கினா ஸ்க்ரூ தலைகளையும் மூடிடலாம். சின்னக் குழாய் மூடிக்கு 60 மில்லி ஆகும். முன் குறுக்குப் பட்டைக்குச் சீலண்ட் போடுறதா இருந்தா, அது எட்டடி, அகலமா போடணும், அதுக்கு நான் சாக் ரெண்டு டியூப்.

போடுற இடத்தைச் சோப்புத் தண்ணியால கழுவி, காய விட்டு, ஐசோபுரொபைல் ஆல்கஹால் நனைச்ச வெள்ளைத் துணியால துடைங்க. துணியில பொடி வராத வரைக்கும் துணியை மாத்திக்கிட்டே இருங்க. பெட்ரோல், மண்ணெண்ணெய், சிட்ரஸ் கிளீனர் எதுவும் வேண்டாம். டியூப் நுனியை ஃபிளாஞ்ச் ஓரத்துல வச்சு மெதுவா நகர்த்தினா, சீலண்ட் ரெண்டு பக்கமும் பரவி ஓரம் மெலிஞ்சு முடியும். அப்படி மெலிஞ்சு முடியுற ஓரம்தான் நல்லா ஒட்டினதோட அடையாளம். ஓரம் உருண்டு நின்னா அடியில அழுக்கு, இல்லேன்னா ஈரம். விரலால தேய்ச்சு விடாதீங்க, அதுவே பரவட்டும். உச்சி வெயில்ல போடாதீங்க. சூடான ஷீட்டுல அடியில இருக்கிற காத்து விரிஞ்சு சீலண்ட்ல குமிழ் குமிழா வரும், குமிழ் உடைஞ்சா ஊசித் துளை. சாயங்காலம் கூரை ஆற ஆரம்பிச்ச பிறகு போடுங்க.

நெடுந்தூரம்:

இவ்வளவு எதற்கு? எட்டர்னாபாண்ட் மாதிரி டேப்பை எல்லா இணைப்பின் மேலும் ஒட்டிவிட்டால் வேலை முடிந்ததே. பல வருடம் தாங்கும், வெடிக்காது.

பாதசாரி:

முன் குறுக்குப் பட்டைக்கு நீங்க சொல்றது சரிங்க. நேர்க்கோடு, கழட்ட வேண்டிய அவசியம் அடிக்கடி வராது, காத்து மோதுற இடம். அங்கே நாலங்குல டேப்தான் என் தேர்வும். ஆனா வென்ட்டுக்கும் ஸ்கைலைட்டுக்கும் ஒத்துக்க மாட்டேன். பிளாஸ்டிக் வெயில்ல நொறுங்கும், அதை ஒரு நாள் மாத்தித்தான் ஆகணும். அன்னைக்கு அந்த டேப் ஷீட்டோட மேல்தோலையும் சேர்த்து உரிச்சுக்கிட்டுத்தான் வரும். ஃபிளாஞ்ச் படியிலயும் ஸ்க்ரூ தலை மேலயும் டேப் பரப்போட படியாது, அடியில சுரங்கம் மாதிரி ஒரு வழி இருக்கும். தண்ணி ஒரு முனையில நுழைஞ்சா நேரே ஸ்க்ரூவுக்குப் போகும், மேலே பார்த்தா எல்லாம் சுத்தமா தெரியும்.

டேப் ஒட்டுறவங்களுக்கு: மூலைகளைக் கத்தரியால வட்டமா வெட்டுங்க, கூர் மூலையிலிருந்துதான் உரிய ஆரம்பிக்கும். பின் தாளை ஒரேயடியா எடுக்காம ஒரு அடி எடுத்து ஒட்டி, அடுத்த அடி. தொட்ட இடத்துல பிடிச்சுக்கும், எடுத்துத் திருத்த முடியாது. உடனே ரோலரால பலமா உருட்டுங்க, அழுத்தம் படாத டேப் பாதிதான் ஒட்டும். கிழிசலுக்கு ஒட்டுறதா இருந்தா கிழிசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் குறைஞ்சது ரெண்டு அங்குலம் வரணும்.

மழைக்காலம்:

கழுவுவதும் கோட்டிங்கும் இன்னும் யாரும் சொல்லவில்லை.

மேலே தண்ணீர் ஊற்றுவதற்கு முன் பக்கச் சுவர்களை நன்றாக நனைத்துவிடுங்கள். காய்ந்த சுவரில் அந்த வெள்ளைத் தண்ணீர் இறங்கினால் கோடு கோடாகப் பிடித்துக்கொள்ளும். ஒரு பக்கெட் தண்ணீரில் கொஞ்சம் பாத்திரம் கழுவும் திரவம், நடுத்தர மிருதுவான பிரஷ். மூன்றடிக்கு மூன்றடியாகத் தேய்த்து, காய்வதற்கு முன் அலசிவிட்டு அடுத்த சதுரத்துக்குப் போங்கள். சோப்பு நனைந்த ஈபிடிஎம் பயங்கரமாக வழுக்கும். பின்னால் ஏணி இருக்கும் பக்கம் நோக்கிக் கழுவிக்கொண்டே வாருங்கள், நீங்கள் எப்போதும் காய்ந்த பகுதியில் இருக்க வேண்டும். சுவரில் இறங்கும் தண்ணீர் தெளிவாகும் வரை அலசுங்கள். வருடத்துக்கு மூன்று நான்கு தடவை கழுவினால் போதும். கழுவும்போதே எல்லாச் சீலண்ட்டையும் கண்ணால் பார்த்துவிடலாம். மரத்தடியில் நிற்கும் வண்டி என்றால் இலைக் குப்பையை இடையிலும் கூட்டுங்கள். அது ஓரங்களில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். தார்ப்பாய் போட்டு மூடுவது கூரைக்குக் கெடுதல்தான். காற்றில் அடித்து அடித்து மேல்தோலைத் தேய்த்துவிடும், அடியில் ஈரமும் சேரும்.

கோட்டிங் எப்போது? மேலே வெள்ளை தேய்ந்து அடிக் கறுப்பு ஆங்காங்கே தெரிய ஆரம்பித்தால் அது அதற்கான நேரம். உங்களுடையதில் பொடி மட்டும்தான், இன்னும் காலம் இருக்கிறது. அடிப்பதாக இருந்தால் அளவைச் சரியாகப் போடுங்கள். 26 அடி என்பது கொக்கி நுனி வரை; பெட்டி 23 அடி, அகலம் 8 அடி என்றால் ஏறக்குறைய 17 சதுர மீட்டர். ஈரமாக 0.4 மில்லிமீட்டர் பருமனுக்கு ஒரு சதுர மீட்டருக்கு 0.4 லிட்டர், ஆக ஒரு கோட்டுக்கு 7 லிட்டர். இரண்டு கோட் கட்டாயம், 14 லிட்டர். அதில் பாதியை வாங்கி நீட்டி அடித்த கோட்டிங்தான் சீக்கிரம் உரிகிறது. அடுத்தது, பொடி. கழுவிக் காய்ந்த பிறகு ஒரு கறுப்புத் துணியால் தேய்த்துப் பாருங்கள். துணி வெளுத்தால் இன்னொரு தடவை கழுவ வேண்டும், அதன் பிறகு அந்தக் கோட்டிங்குக்கு உரிய பிரைமர். சிலிகான் கோட்டிங் அடித்தால், அதன் மேல் பிறகு சிலிகான் மட்டும்தான் ஒட்டும். அந்த முடிவை எடுத்தால் திரும்பி வர வழியில்லை என்று தெரிந்து எடுங்கள். டிபிஓ கூரை வைத்திருக்கிறவர்கள் ஈபிடிஎம்முக்கான பிரைமரை அப்படியே எடுத்துப் பூச வேண்டாம், அது வேறு பொருள்.

ஊர்சுற்றி:

மூலையைத் திறந்தாச்சு. ஸ்க்ரூடிரைவர் ஒரு மில்லிமீட்டர்தான் இறங்குது, பலகை பிழைச்சது. மூணு ஸ்க்ரூ துரு. ஃபேன் ஓடுது, இன்னைக்கு 19. எல்லாம் காய்ஞ்சு சீலண்ட் போட்ட பிறகு எத்தனை நாள்ல வண்டியை எடுக்கலாம்? அதே துளையில புது ஸ்க்ரூ போடலாமா?

தச்சன்:

19 நல்ல திசைதான், அவசரப்படாதீங்க. மேலே காய்ஞ்சும் உள்ளே ஈரம் இருக்கும். 15க்குக் கீழே வந்த பிறகும் ஃபேனை நிறுத்திட்டு ஒரு நாள் விட்டுத் திரும்பக் குத்துங்க. எண் மேலே ஏறலைன்னா மூடலாம்.

துரு பிடிச்ச ஸ்க்ரூ இருந்த துளையில அதே அளவு ஸ்க்ரூ பிடிக்காது. ஒரு நம்பர் பருமன் கூடின ஸ்டெயின்லெஸ் போடுங்க, இல்லேன்னா துளையை எபாக்ஸியால அடைச்சுட்டு ஒரு அங்குலம் தள்ளிப் புதுத் துளை போடுங்க. துளைக்குள்ளயும் ஒரு பொட்டு சீலண்ட். வினைல் பட்டை எட்டு வருஷத்துல சுருங்கியிருக்கும், ரெண்டு முனையிலயும் இடைவெளி தெரிஞ்சா புதுசு வாங்கிச் செருகுங்க. இழுத்து நீட்டிச் செருகினா திரும்பவும் சுருங்கும், அரை அங்குலம் நீளமாவே வெட்டுங்க.

லேப் சீலண்ட் சில மணி நேரத்துல தோல் கட்டும், முழுசா இறுக வாரக் கணக்குல ஆகும். தோல் கட்டின பிறகு தூறல் பட்டா ஒண்ணும் ஆகாது. வண்டியை மறுநாள் மெதுவா எடுக்கலாம், ஆனா முன் பட்டையில போட்ட நான் சாக் மேல நெடுஞ்சாலைக் காத்து நேரா மோதும். அதுக்கு ரெண்டு மூணு நாள் கொடுங்க. முதல் ஓட்டம் முடிஞ்சதும் ஏணி வச்சு அந்த எட்டடியை மட்டும் ஒரு தடவை பாருங்க, ஏசி போல்ட்டையும் சேர்த்து.